காலில் அடைப்பா என்று ரத்த ரிப்போர்ட்டில் தேடாதீர்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. மறுபடி ஏறினால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வருகிறது. இதை வயசு, நரம்பு என்று தள்ளிவிடுகிறோம். சேலம் அம்மாப்பேட்டையில் தறியில் உட்காருகிறவர் தறிக்குழி மேல் பழி போடுவார். ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கொழுப்புப் படிவால் குறுகினால் வலி இப்படித்தான் வரும். சமதளத்திலேயே நடக்கிறவருக்கு இது வெகுநாள் தெரியாமலும் இருக்கலாம்.

சந்தேகம் வந்தபிறகு பலர் செய்வது, 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் எடுப்பது. சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), டி-டைமர் (உறைந்த ரத்தம் கரைவதைக் காட்டுவது), ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) என்று நாலு பக்க ரிப்போர்ட் வரும். எல்லாம் நார்மல் என்றால் நிம்மதி, ஒன்று சிவப்பில் இருந்தால் பீதி. இரண்டுக்குமே அர்த்தமில்லை. காலில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அதற்குக் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சுகர் பல வருடமாக உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருப்பதால், இந்த எண் பொய்யாக நன்றாகவோ 1.40-க்கு மேலேயோ வரலாம். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படிவு உடையுமா, நிலையாக நிற்குமா என்பதையும் சிஆர்பியை வைத்து முடிவுகட்ட முடியாது. படிவின் மேல் நார்ப்பொருளால் ஆன மூடி ஒன்று உண்டு. உள்ளே புகுந்த அழற்சி செல்கள் சுரக்கும் நொதிகள் அதை அரித்து மெலிதாக்கினால், ஒருநாள் அது வெடித்து அங்கே ரத்தம் உறையும். சிஆர்பி அந்தப் படிவிலிருந்து நேராக வருவதில்லை. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் அதற்குப் பதிலாகக் கல்லீரல் சுரப்பது. சொத்தைப் பல், மூட்டு வீக்கம், காலில் ஆறாத புண் எதனாலும் ஏறும். அதிநுண் சிஆர்பி (சிறு ஏற்றத்தையும் காட்டும் சிஆர்பி பரிசோதனை) ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் தேட வேண்டியது தொற்றுநோயை. குணமான பிறகு மறுபடி எடுக்கலாம். இதில் இன்னொரு சங்கதி: மூடி வெடிக்கும் கதை பெரும்பாலும் இதயத் தமனியைப் பார்த்து எழுதப்பட்டது. வெட்டி அகற்றப்பட்ட கால்களை ஆராய்ந்தபோது, முழங்காலுக்குக் கீழே பல இடங்களில் பெரிய கொழுப்புப் படிவே இல்லாமல், உறைந்த ரத்தமும் சுண்ணாம்பும்தான் அடைத்திருந்தன.

ஹோமோசிஸ்டீன் எண்ணை பி வைட்டமின் மாத்திரை இறக்கிவிடும். ஆனால் பெரிய ஆய்வுகளில் அதனால் மாரடைப்பு குறையவில்லை. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லைபோபுரோட்டீன் (ஏ) பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், அடிக்கடி எடுப்பது பணவிரயம்.

இதைவிட மோசமான தவறு, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்கியதும் "கொலஸ்ட்ரால் சரியாயிடுச்சு" என்று அதைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையை நிறுத்துவது. ரிப்போர்ட் நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். கால் தமனி அடைப்புள்ளவருக்கு எல்டிஎல் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே, ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 55-க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் தாளில் அச்சாகியிருக்கும் 100 இவர்களுக்கானது அல்ல. ஸ்டேடின் கொழுப்பைக் குறைப்பதோடு படிவின் மூடியையும் கெட்டியாக்குகிறது. பீடியை விடாமல் சிஆர்பியை மட்டும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் என்ன சொல்ல!

வலிக்கிறதே என்று நடையை நிறுத்துவதும் தவறு. வலி ஓரளவு வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது இதற்கான முறையான சிகிச்சை. வாரத்துக்கு மூன்று நாளாவது, 30 முதல் 45 நிமிடம், 12 வாரம். காலில் புண்ணோ, படுத்திருக்கும்போதே வலியோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளிறி, மரத்துப்போனால் 108-ஐ அழையுங்கள். சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். ஏற்காட்டில் இருப்பவர் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து சேர வேண்டும். காலையில் லேப் திறக்கட்டும் என்று காத்திருக்க அவருக்கு நேரமில்லை.