செத்த கேரக்டரை எழுப்பறது எப்படி? புதுசா கேம் நடத்தறவங்களுக்கு

நேத்து காட்பாடில இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணா, மொத கேம்லயே ஒருத்தன் கேரக்டர் செத்துடுச்சு, மூஞ்ச தூக்கி வெச்சிகினு உக்காந்துகினு கீறான், எழுப்பி விட்ரலாமா?"ன்னு கேட்டான். எழுப்பலாம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க முடிவு பண்ண வேண்டியது கொஞ்சம் இருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டி கதை ஆடற டேபிள் கேம் இருக்குல்ல, அதோட 5வது எடிஷன் ரூல்ஸ வெச்சு சொல்றேன்.

மொதல்ல கேரக்டர் நெஜமாவே செத்துச்சான்னு பாருங்க. ஹிட் பாயின்ட் (கேரக்டரோட உயிர்க்கணக்கு) 0 ஆனா பொதுவா மயக்கம்தான், சாவு இல்ல. அப்பறம் அவங்க டர்ன் வர்றப்பல்லாம் 20 பக்க டைஸ உருட்டணும், 10 இல்ல அதுக்கு மேல விழுந்தா பாஸ், கொறஞ்சா ஃபெயில், மூணு ஃபெயில் ஆனாதான் உயிர் போகும். 1 விழுந்தா ரெண்டு ஃபெயிலா கணக்கு, 20 விழுந்தா 1 ஹிட் பாயின்ட்டோட முழிச்சிக்கும். இத பாக்காம அவசரப்பட்டு "செத்துட்டான்"னு சொல்லிடாதீங்க.

அடுத்து, செத்து எவ்ளோ நேரம் ஆச்சு? 1 நிமிஷத்துக்குள்ளன்னா ரிவிவிஃபைங்கற மந்திரம் போதும், 3ம் லெவல் ஸ்பெல், 300 கோல்ட் (கேம்ல வர்ற தங்கக்காசு) பெறுமான வைரம் வேணும், போட்டதும் வைரம் காலி. சண்டைல எல்லாரும் ஒரு தடவ ஆடி முடிச்சா ஒரு ரவுண்டு, ரவுண்டுக்கு 6 செகண்ட், அப்போ 10 ரவுண்டு. சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடில ஆடறப்ப யார் செத்தாலும் டேபிள் நடுவுல 10 புளியங்கொட்டைய வெச்சிடுவேன், ரவுண்டு முடிய முடிய ஒண்ணொண்ணா எடுத்துகினே வருவேன். மூணு கொட்டை மிச்சம் இருக்கறப்ப கிளெரிக் (சாமி அருளால மந்திரம் போடற பூசாரி கேரக்டர்) ஆடறவன் தன் ஷீட்ல, அதாவது கேரக்டர் விவரம் எழுதற தாள்ல, வைரம் எழுதியிருக்கான்னு விரல் வெச்சு தேடுவான், அப்ப ஒருத்தரும் போன தொட மாட்டாங்க.

அந்த நிமிஷம் தாண்டிட்டா ரெய்ஸ் டெட், 5ம் லெவல், 10 நாள் வரைக்கும், 500 கோல்ட் வைரம், மந்திரம் சொல்லவே ஒரு மணி நேரம் ஆகும். ரெசரக்‌ஷன்னா 100 வருஷம், 1,000 கோல்ட். ட்ரூ ரெசரக்‌ஷன்னா 200 வருஷம், 25,000 கோல்ட், உடம்பே கெடைக்கலன்னாலும் வேலை செய்யும். வயசாகி செத்தவங்கள ரிவிவிஃபை, ரெசரக்‌ஷன், ட்ரூ ரெசரக்‌ஷன் மூணும் எழுப்பாது. நாள் பத்தலன்னா பொணத்து மேல ஜென்டில் ரிபோஸ்ங்கற ஸ்பெல்ல போட்டு வைங்க, அது இருக்கற 10 நாளு கணக்குல சேராது. நம்ம பக்கம் நெத்திக்காசு வைக்கற மாதிரி அதுல ரெண்டு கண்ணு மேலயும் செப்புக்காசு வைக்கணும்.

இனிமேதான் முக்கியமான வேலை, விலை. வைரம் கடைக்கு கடை கெடைக்குதுன்னா உங்க உலகத்துல சாவுங்கறது காய்ச்சல் மாதிரி ஆயிடும், அதனால வைரம் எங்க கெடைக்கும், யார்கிட்ட இருக்குன்னு மொத கேமுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருங்க. அதோட நிக்காம, எழுந்து வந்த உடம்புல ஒரு அடையாளம் இருக்கணும்ங்கறது என் பிடிவாதம். ரெய்ஸ் டெட்ல எழுந்தா அட்டாக், சேவிங் த்ரோ (ஆபத்துல தப்பிக்க உருட்டறது) எல்லாத்துலயும் டைஸ்ல 4 கொறையும், ஆனா ஒவ்வொரு லாங் ரெஸ்டுக்கும் (நீண்ட ஓய்வு) ஒண்ணு ஒண்ணா சரியாகி நாலு ரெஸ்டுல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். எனக்கு அது பத்தாது.

எங்கேர்ந்து இந்த எண்ணம் வந்துச்சுன்னா குடியாத்தத்துல இருந்துதான். வைகாசில கெங்கையம்மன் சிரசு திருவிழா பாத்திருப்பீங்க, அம்மன் தலை மட்டும் ஊர்வலமா வந்து கோயில்ல உடம்போட பொருந்தும். கதை ரேணுகாவோடது. அப்பா சொல்ல கேட்டு பரசுராமர் அம்மா தலைய வெட்டறாரு, அப்பறம் வரம் வாங்கி எழுப்பறப்ப தலை வேற ஒரு பொம்பள உடம்புல சேந்துடுது. உயிர் வந்துடுச்சு, ஆனா பழைய ஆளா வரல. ட்ரூயிட் (இயற்கையோட சக்தில மந்திரம் போடற கேரக்டர்) போடற ரீஇன்கார்னேட் ஸ்பெல்லும் இதேதான், நினைவெல்லாம் பழசு, உடம்பு புதுசு, என்ன இனம்னு டைஸ்தான் சொல்லும். எங்க கேம்ல ரெய்ஸ் டெட்ல வந்தவனுக்கு நான் வெச்ச விலை, அவன் அம்மா குரல் மட்டும் ஞாபகத்துல இருக்காது. அந்த பையன் அதுக்கப்பறம் ஒவ்வொரு ஊருக்கு போறப்பவும் வயசான அம்மாக்கள்கிட்ட நின்னு பேசிட்டுதான் நகர்றான், நான் சொல்லி குடுக்கவே இல்ல.

கடைசியா, ஆடறவங்கள தனியா கூப்ட்டு கேளுங்க. ஆத்மாவுக்கு இஷ்டம் இருந்தாதான் ஸ்பெல் வேலை செய்யும்னு ரூல்லயே இருக்கு. எங்க சித்தி பொண்ணோட கேரக்டர் ஆத்து வெள்ளத்துல ஒரு கொழந்தைய கரை ஏத்திட்டு செத்துச்சு. வைரம் கைல இருந்துச்சு, கிளெரிக் ரெடி, கொட்டை இன்னும் அஞ்சு மிச்சம். கிச்சன் பக்கம் கூட்டிகினு போய் கேட்டேன். "வேணாண்ணா, அவ நிம்மதியா போய்ட்டா, விடு"ன்னா. வந்து மிச்ச அஞ்சு கொட்டையும் அவளே எடுத்து டப்பால போட்டா. அன்னிக்கு புது கேரக்டர் எழுதவே ராத்திரி பதினொண்ணு ஆயிடுச்சு, அதனால காலி ஷீட் ரெண்டு எப்பவும் கைவசம் வெச்சிக்கோங்க.