சிரிஞ்சிலிருந்து பேனாவுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் வயதான செட்டியாரும் ஆச்சியும் மட்டுமே இருக்க, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் மருத்துவரிடம் பேசி அவர்களை இன்சுலின் பேனாவுக்கு, அதாவது அளவைத் திருகி வைத்து மருந்தைச் செலுத்தும் பேனா வடிவ ஊசிக் கருவிக்கு, மாற்றிவிடுகிறார்கள். பேனா எளிதுதான், ஆனால் சிரிஞ்சில் பழகிய கை அதே வழக்கத்தைப் பேனாவிலும் தொடரும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்கும் குப்பி இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலோ (மருந்து அடைத்த சிறு குழல்) 100 யூனிட். பேனா மக்கர் செய்யும் நாளில், வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்தே மருந்தை உறிஞ்சினால் என்ன ஆகும்? அந்தச் சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்கென்று கோடு போடப்பட்டது. அதில் 20 வரை இழுத்தால் வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு. சர்க்கரை சட்டென இறங்கி, தனியாக இருப்பவர் மயங்கி விழுந்தால் பார்க்க ஆளிருக்காது. எனவே மாற்றுப் பேனா ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொரு நிறுவனத்தின் பேனாவில் பெரும்பாலும் பொருந்தாது என்பதை, வெளிநாட்டிலிருந்து பேனா வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் நினைவில் கொள்ள வேண்டும். பேனா மருந்து ‘கடுமையானது’ என்று அஞ்சித் தாமாகவே அளவைக் குறைப்பதும் தவறு. பேனாவின் சாளரத்தில் தெரியும் 20 என்பது 20 யூனிட்தான்.

பேனாவோடு சில வேளை மருந்தின் வகையும் மாறிவிடும். பழைய வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டிருப்பார்கள். புதிய விரைவு வகைகள் பலவற்றைச் சாப்பிட உட்காரும்போதுதான் போட வேண்டும். வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய், முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் காத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பேனா சட்டைப்பையில் அடங்கும். இலை போட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். எந்த வகை, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, பேனாவின் அளவுத் திருகியை 2 யூனிட்டுக்குத் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்த வேண்டும். முனையில் ஒரு சொட்டுத் திரண்டால்தான் வழி திறந்திருக்கிறது. மருந்தைச் செலுத்தியதும் ஊசியை உருவிவிடாமல் பத்து வரை எண்ண வேண்டும். சிரிஞ்சுக்காரர்கள் அவசரப்படுவது இங்கேதான். கலங்கலான மருந்தென்றால் முதலில் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சீராகக் கலக்க வேண்டும். முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் காற்று புகும், மருந்து கசியும்.

வலிக்கவில்லை என்பதற்காக வயிற்றில் ஒரே இடத்தில் குத்தி வந்தால் தோலுக்கடியில் கட்டி தட்டும். அங்கே மருந்து ஒழுங்காக உடலில் சேராததால், அளவு கூடிக்கொண்டே போகும். பிறகு திடீரென்று நல்ல இடத்துக்கு மாறினால் கூட்டிய அளவெல்லாம் முழுதாக வேலைசெய்து சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே கட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, அளவைத் திருத்திக்கொண்டே இடம் மாற்ற வேண்டும்.

பயன்பாட்டிலுள்ள பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வைத்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள் வரை தாங்கும். செட்டிநாட்டு வீடு என்னதான் குளுமையாக இருந்தாலும் சித்திரை வெயிலில் அந்த அளவைத் தாண்டிவிடும். இரண்டு மண்பானைகளுக்கிடையே ஈர மணல் நிரப்பி உள்பானையில் வைப்பது உதவும். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது காரிலேயே விட்டுவிட்டு இறங்கக் கூடாது. உறைந்துபோன மருந்தை எறிந்துவிட வேண்டியதுதான்.

குழாய் வழியே இடைவிடாமல் மருந்தைச் செலுத்தும் இன்சுலின் பம்புக்கு மாறுவோர் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பம்பில் விரைவு வகை மட்டுமே இருப்பதால், குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உடலில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஆபத்தான அளவில் சேரும். சர்க்கரை ஏறி வாந்தியும் வந்தால், மருத்துவர் முன்பே குறித்துக் கொடுத்த அளவைப் பேனாவால் போட்டு, குழாயை மாற்றி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.