குழந்தைக்கென்று வீட்டிலேயே கருவி செய்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பினாங்கில், அதுவும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு, சால்டரிங் கைவந்த கலை. வீட்டில் குழந்தை பிறந்தால் போதும், தொட்டிலுக்கு மோட்டார், ஈரத் துணிக்கு அலாரம், பால் சூடாக்க ஒரு பெட்டி என்று ஆளுக்கொன்றை ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சர்க்கியூட் ஓடுகிறதா என்று பத்துத் தடவை பார்ப்பவர், அதைக் குழந்தை பிடுங்கி வாயில் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

பட்டன் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிஆர்2032 என்ற ரகம் என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். அந்த 20 மி.மீ.தான் வினையே. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், ஈரம் பட்டு மின்சாரம் பாயும், காரம் (ஆல்கலி) உருவாகி 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். மூடிக்கு டேப் ஒட்டினால் போதாது, ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அடுத்து ஸ்பிரிங் தொட்டில். சாரோங் துணியைக் கட்டி ஆட்டுவது நம் வீடுகளில் பழகிய விஷயம் என்பதால் யாரும் இரண்டாம் யோசனை செய்வதில்லை. கொண்டோ (அடுக்குமாடி) வீட்டில் பிளாஸ்டர் சீலிங்கில் கொக்கி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. ஸ்பிரிங் என்றாவது ஒருநாள் தேய்ந்து அறுந்தே தீரும், அதனால் அதன் நடுவே ஒரு பலமான கயிற்றைக் கொஞ்சம் தொய்வாக விட்டு இரண்டு முனையிலும் கட்டுங்கள், ஸ்பிரிங் போனாலும் குழந்தை கீழே வராது. மோட்டார் வைத்தால் இன்னொரு சிக்கல்: கையால் ஆட்டுகிறவர் குழந்தையின் கால் வெளியே வந்ததைப் பார்த்து நிறுத்திவிடுவார், மோட்டாருக்குக் கண் கிடையாது. அப்புறம், சாரோங்கில் சுருண்டு கிடக்கும்போது தாடை நெஞ்சில் இடித்து மூச்சுப் பாதை குறுகும். தூங்கியதும் சமமான, அழுத்தமான மெத்தையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய, சிரிம் லேபிள் (மலேசியத் தரச் சான்று) இல்லாத சார்ஜரை வைத்து “ஐந்து வோல்ட்தானே” என்று இருக்காதீர்கள். உள்ளே இன்சுலேஷன் மோசமாக இருந்தால் சுவரில் இருக்கும் 230 வோல்ட் உங்கள் வயர் வரைக்கும் வந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது நீல விளக்கு விஷயத்தில்தான். மஞ்சள்காமாலைக்கு ஆஸ்பத்திரியில் காட்டுவது நீல ஒளி என்று தெரிந்ததும் நீல எல்ஈடி பட்டையைத் தொட்டிலைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். அங்கே பயன்படுவது சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் ஒளி, அதன் வலிமையை மீட்டர் வைத்து அளக்கிறார்கள், பிலிருபின் (காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி) எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்கிறார்கள். வீட்டில் இது எதுவும் இல்லை. விளக்குப் பட்டால் தோலின் மஞ்சள் மட்டும் குறையும், “சரி, தேறிவிட்டது” என்று தோன்றும், உள்ளே பிலிருபின் ஏறி மூளையைத் தாக்கலாம். காலை வெயிலில் காட்டுவதும் சிகிச்சை ஆகாது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தை என்றால் இன்னும் மோசம், துணிப் பெட்டியில் போட்ட நாப்தலின் உருண்டையே காமாலையைக் கிளப்பிவிடும். வீட்டுக்கு வரும் தாதி ரத்தம் பார்க்கச் சொன்னால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

கை சும்மா இருக்காது என்றால், கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைக் காட்டும் ஒரு பெரிய கடிகாரம் செய்யுங்கள், பாட்டிக்கும் உதவும். அதைத் தொட்டிலுக்கு எட்டாத சுவரில் மாட்டுங்கள்.