வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பு வந்தால்: கிரெடிட் கார்டைக் காத்துக்கொள்ளும் முறை

கடந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் மாட்டுங்கா சந்தையில் காய்கறிப் பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது, கார்டில் சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயிண்டுகள் அன்று இரவோடு காலாவதியாகிவிடும் என்று எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மும்பையில் இருபது ஆண்டுகளாக வங்கி அழைப்புகளை இந்தியில் மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். அழைத்தவர் நல்ல தமிழில், 'சார், கூட்டத்தில் நிற்கிறீர்கள் போலிருக்கிறது, ஓரமாக வந்து பேசுங்கள்' என்று சொன்னதும் மனம் இளகிவிட்டது. அடுத்த ஆறு நிமிடங்களில் 18,450 ரூபாய் போயிற்று. அதன் பிறகு நான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளை, நான் இடறிய இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலையை இன்றே, எந்த அழைப்பும் வராதபோதே செய்துவிட வேண்டும். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கைப்பேசியில் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். எண் தேய்ந்துபோயிருந்தால் மாதாந்தரக் கணக்கு அறிக்கையில் பாருங்கள். கூகுளில் தேட வேண்டாம், ஏனெனில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை வங்கியின் பெயரில் அங்கே ஏற்றி வைப்பது வழக்கமாகிவிட்டது. வங்கியின் இணையதளத்திலிருந்து எடுப்பதானால் அதன் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025-இல் அந்த முகவரிக்கு மாறின.

இரண்டாவதாக, வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகளைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். இந்த வசதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஆணையிட்டது. நம் நாட்டு இணையக் கடைகளில் ஓடிபி இல்லாமல் பணம் போவது அரிது. ஆனால் பல வெளிநாட்டுத் தளங்களுக்குக் கார்டு எண்ணும், காலாவதித் தேதியும், கார்டில் அச்சிட்டிருக்கும் இரகசியக் குறியீடான சிவிவியும் இருந்தாலே போதும். இணையப் பரிவர்த்தனைக்கான உச்சவரம்பையும் குறைத்து வையுங்கள். நான் 5,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பெரிய தொகை செலுத்தும் நாளில் உயர்த்திக்கொள்ள அரை நிமிடம்கூட ஆவதில்லை.

அழைப்பு வந்தால் என்ன செய்வது? வங்கிகள் சேவை தொடர்பான அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், விற்பனை அழைப்புகளை 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து 'கார்டு பிரிவு' பேசினால் அப்போதே துண்டித்துவிடலாம். அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகளை நான் நம்புவதில்லை. அங்கே தெரியும் பெயர் யாரோ சிலர் பதிந்து வைத்த பெயர்தான். எந்த எண்ணாக இருந்தாலும் நான் சொல்வது ஒரே வாக்கியம்: 'நானே வங்கிக்கு அழைத்துப் பேசிக்கொள்கிறேன்.' உண்மையான ஊழியர் சரி என்பார், மற்றவர் அவசரப்படுத்துவார்.

என்னை வீழ்த்தியவை இரண்டு. அவர் என் கார்டின் முதல் ஆறு இலக்கங்களைத் தானே சொல்லி, 'சரிதானே சார், மீதியை நீங்கள் சொல்லுங்கள்' என்றார். நான் கார்டை எடுத்துப் பார்த்தேன், இலக்கங்கள் பொருந்தின, நம்பிவிட்டேன். அந்த ஆறு இலக்கங்கள் கார்டை வழங்கிய வங்கியையும் கார்டின் வகையையும் குறிப்பவை என்பதும், அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஏராளமானோருக்கு அவை ஒன்றேதான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கடைசி நான்கு இலக்கங்களும் இரகசியமல்ல. கடையில் தரும் ரசீதிலேயே இருக்கின்றன.

இரண்டாவது, ஓடிபி. 'பாயிண்டைப் பணமாக மாற்றும் எண்' என்று அவர் சொன்னதை நான் வாசித்துக் காட்டினேன். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் தொகையும் கடையின் பெயரும் தெளிவாகவே இருந்தன. ஆனால் கைப்பேசி காதில் இருந்தது. பேச்சின் நடுவே திரையின் மேல்பகுதியில் தோன்றி மறைந்த அறிவிப்பில் ஆறு இலக்கங்கள் மட்டுமே தெரிந்தன, மீதி வரி வெட்டுப்பட்டிருந்தது. 'எண் ஏறவில்லை' என்று அவர் இரண்டாவது ஓடிபி கேட்டபோதுதான் குறுஞ்செய்தியைத் திறந்து முழுவதும் படித்தேன். அதனால் இப்போது கைப்பேசியின் அமைப்புகளில் குறுஞ்செய்தி முன்னோட்டத்தை அணைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செய்தியைத் திறந்துதான் ஓடிபியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொகை தானாகக் கண்ணில் படுகிறது. சற்று எரிச்சலான ஏற்பாடுதான், ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஏமாந்துவிட்டால், செயலியைத் திறந்து கார்டை உடனே முடக்குங்கள். சேவை எண்ணில் காத்திருக்கும் நேரத்திலேயே அடுத்த பரிவர்த்தனை நடந்துவிடலாம். பிறகு வங்கியில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தேசிய இணையக்குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே இரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரையிலான இழப்பு அவருடையது. அதற்குப் பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. ஓடிபியைச் சொன்னவன் நான் என்பதால் 18,450 ரூபாயையும் நானே கட்டினேன். எவரும் எதையும் கொடுக்காமல், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் அப்பாற்பட்ட ஓரிடத்தில் நேர்ந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பே இல்லை.

பின்சேர்க்கை: நாமே வங்கியை அழைக்கும்போதும் பிறந்த தேதி கேட்கிறார்களே, அதுவும் மோசடியா என்று செம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. கார்டின் பின்புற எண்ணுக்கு நாம் அழைத்திருந்தால், நம்மை அடையாளம் காண அப்படிக் கேட்பார்கள். எண்களை விசைப்பலகையில் அழுத்தச் சொல்லும் தானியங்கிக் குரலும் அதற்காகவே. ஆனால் அங்கேயும் ஊழியர் ஒருவர் சிவிவியையோ ஓடிபியையோ வாயால் சொல்லக் கேட்டால் சொல்லாதீர்கள்.

இன்னொரு வாசகரின் தந்தையைக் கூரியர் வரவில்லை என்று சொல்லி, *21* என்று தொடங்கும் எண்ணை அழுத்த வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்களுடைய எண்ணுக்குத் திரும்பிவிடும். ஓடிபியைக் குரல் அழைப்பாகப் பெறும் வழி இருந்தால் அதுவும் அவர்களுக்கே போகும். ஐயம் இருந்தால் *#21# அழுத்திப் பாருங்கள்; ஏதாவது எண் தெரிந்தால் ##002# அழுத்தி எல்லாத் திருப்பல்களையும் நீக்குங்கள். இரண்டு சிம் உள்ள கைப்பேசியாக இருந்தால் ஒவ்வொரு சிம்மிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அந்த வாசகர் முதல் முறை ஒன்றில் மட்டும் செய்துவிட்டு விட்டுவிட்டாராம்.