பல்துறை ஆனர்ஸ் செமினாருக்குத் தயாராவது எப்படி

விரிவுரை வகுப்பில் ஆசிரியர் பேசுவார், மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். ஆனர்ஸ் (திறமையான மாணவர்களுக்கான ஆழ்ந்த படிப்பு) செமினாரில் ஒரு மேசையைச் சுற்றி அமரும் சில மாணவர்கள், முன்கூட்டியே படித்து வந்த நூலைப் பற்றி இரண்டு மூன்று மணி நேரம் விவாதிப்பார்கள். ஆசிரியர் பெரும்பாலும் கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்வார். மூல ஆவணங்களை முன்னால் வைத்துக்கொண்டு மாணவர்களே ஆராயும் இந்த வழக்கம், ராங்கே போன்ற வரலாற்றாசிரியர்களால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கென ஆனர்ஸ் திட்டங்களைப் பரப்பியவர்களுள் ஸ்வார்த்மோர் கல்லூரித் தலைவர் ஃபிராங்க் அய்டெலாட் முக்கியமானவர். 1922-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் மாணவர்களை மதிப்பிடுபவர்கள் இன்றும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களே.

செமினாரைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பின் கவர்ச்சியில் மயங்காமல் வாசிப்புப் பட்டியலைப் பாருங்கள். ‘நினைவு’, ‘நகரம்’ என்று தலைப்பு எவ்வளவு விரிந்திருந்தாலும், பட்டியலில் உள்ள நூல்கள் அனைத்தும் ஒரே துறையைச் சேர்ந்தவையாக இருந்தால் அது பெயரளவில்தான் பல்துறை வகுப்பு. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பானால், இருவரும் எல்லா வாரமும் உடனிருப்பார்களா, அல்லது வாரங்களைப் பங்கிட்டுக்கொள்வார்களா என்று கேட்டறியுங்கள். ஆசிரியர்கள் நேருக்கு நேர் முரண்படுவதைக் காண்பதே இத்தகைய வகுப்பின் பெரும்பயன் என்பது என் கருத்து. வாரத்துக்கு ஒரு முழு நூல் என்பது அரிதன்று. ஆகவே ஒரே பருவத்தில் இரண்டு செமினார்களை எடுக்காதீர்கள்.

வாசிப்பில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு நூலிலும் அதன் கருத்து என்ன என்பதைவிட, அதன் ஆசிரியர் எதைச் சான்றாக ஏற்கிறார் என்பதையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1945-இல் அறிக்கை அளித்த அரசு விசாரணைக் குழு, அரிசி வரத்து போதாமையை அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. பொருளியலாளர் அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சமில்லாத 1941-ஐ விட 1943-இல் உணவு வரத்து அதிகமாகவே இருந்தது என்றும், விலையேற்றத்துக்கு ஈடாகக் கூலி உயராததால் நிலமற்ற கூலியாட்கள் முதலானோர் அரிசியை வாங்கும் வலுவை இழந்தனர் என்றும் வாதிட்டார். அந்த விளைச்சல் கணக்குகளையே நம்பலாமா என்று வேறு சில ஆய்வாளர்கள் வினவினர். அதே 1943-இல் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் பட்டினியால் மெலிந்த மனிதர்களைக் கோட்டோவியங்களாக வரைந்தார். அரிசி எவ்வளவு இருந்தது என்பதற்கு அவ்வோவியங்களில் விடை இல்லை. ஆனால் பசித்தவர் பார்ப்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார் என்பதற்கு எந்த அட்டவணையிலும் விடை இல்லை. ஓவியத்தைப் பொருளியல் கட்டுரைக்கு அலங்காரப் படமாக ஒட்டுபவரும், கணக்கை இலக்கியக் கட்டுரைக்கு முன்னுரையாக வைத்துவிட்டு மறந்துபோகிறவரும் செய்யும் பிழை ஒன்றே.

வகுப்புக்கு வரும்போது பக்க எண்ணுடன் ஒரு கேள்வியாவது கையில் இருக்கட்டும். கூச்சம் உள்ளவர்கள் முதல் இருபது நிமிடங்களுக்குள் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. தள்ளிப்போடப் போட வாய் திறப்பது கடினமாகும். ஒரே சொல்லை இரு துறையினர் வெவ்வேறு பொருளில் ஆளும் இடங்களைக் கவனியுங்கள். ‘மதிப்பு’ என்றால் பொருளியல் மாணவருக்கு விலை நினைவுக்கு வரும், தத்துவ மாணவருக்கு அறம் நினைவுக்கு வரும். எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்காவிட்டால் இருவரும் ஒரு மணி நேரம் வீணே மோதிக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாத கோட்பாட்டாளர்களின் பெயர்களை அடுக்கிப் பேசுபவர் எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் அன்றைய நூலில் எந்தப் பத்தியைச் சுட்டுகிறார் என்று பணிவாகக் கேட்டாலே போதும்.

பருவ இறுதிக் கட்டுரையில், வரலாற்றாசிரியர் இப்படிச் சொல்கிறார், சமூகவியலாளர் அப்படிச் சொல்கிறார் என்று வரிசையாக அடுக்கினால் அது வெறும் தொகுப்பு. இரு துறைகள் உண்மையிலேயே மோதும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அந்த மோதல் சான்றுகளில் உள்ள வேறுபாட்டால் வந்ததா, கேள்வியிலேயே உள்ள வேறுபாட்டால் வந்ததா என்று காட்டுங்கள். முதல் வரைவை வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, புரியாமல் நின்ற இடங்களில் கோடிடச் சொல்லுங்கள். கோடு விழுந்த இடங்களில் பெரும்பாலும் உங்கள் துறையின் கலைச்சொல் ஒன்று விளக்கமின்றி நிற்கும்.

வாய்மொழித் தேர்வு இருந்தால், கட்டுரையில் நீங்கள் சேர்க்காமல் விட்டவற்றையும் விட்டதற்கான காரணங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். தேர்வாளரின் முதல் கேள்வி பல நேரங்களில் அங்கிருந்துதான் வரும்.