காக்னிட்டிவ் சைக்காலஜி: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் கும்பகோணம், ஒருத்தி பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். மூவரும் பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் காக்னிட்டிவ் சைக்காலஜி, அதாவது கவனம், நினைவு போன்ற மனச் செயல்களைப் பற்றிய பாடத்தில் தேர்வு, "அக்கா, ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துடுங்க" என்று ஜெராக்ஸ் நோட்ஸை நீட்டினார்கள். யாரோ ஒரு சீனியர் எழுதியது, நகலின் நகல். அதைப் புரட்டிய ஐந்து நிமிடத்தில் எனக்கு மனசு கனத்துவிட்டது. நான் படித்த காலத்தில் என் கையில் இருந்த நோட்ஸும் இதே மாதிரிதான் இருந்தது.

கடைசி நேரத்தில் படிக்காதீர்கள், பெயர்களையும் ஆண்டுகளையும் குழப்பாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முடிவைப் படித்துவிட்டுச் சோதனையை விட்டுவிடுவது

பார்த்தது மறைந்த பிறகும் அதன் காட்சி கண நேரம் மனதில் தங்குவதை ஐகானிக் மெமரி என்பார்கள், அதை அளந்தவர் ஸ்பெர்லிங் என்ற உளவியலாளர். பாபநாசத்துப் பெண்ணிடம் கேட்டேன்: "ஐகானிக் மெமரி எவ்வளவு நேரம் இருக்கும்?" உடனே பதில் வந்தது: "ஒரு வினாடிக்கும் குறைவு, ஸ்பெர்லிங், 1960." "சரி, அவ்வளவு சின்ன நேரத்தில் மறைந்துபோகிற ஒன்றை ஸ்பெர்லிங் எப்படி அளந்தார்?" என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்ஸில் அது இல்லை.

இதே கேள்வி எனக்கு ஓராண்டைத் தின்றது. முதுநிலைப் படிப்புக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. மயிலாடுதுறையில் இரவு ரயில் ஏறிப் போனேன், சம்பா நெல் போட்ட பணத்தில் அப்பா கட்டணத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். கேட்டவர் மிகவும் அமைதியானவர். "உங்கள் முன்னால் எழுத்துகளைக் கண நேரம் காட்டுகிறேன், நீங்கள் நான்கு எழுத்து சொல்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் நான்குதான் பார்த்தீர்கள் என்று நான் ஏன் முடிவு செய்யக் கூடாது?" என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், முடிவும் தெரியும், ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு வீட்டில் இருந்தேன். அன்றைக்கு இரவு ஊர் திரும்பி அந்தச் சோதனையை முதல் முறையாக முழுசாகப் படித்தபோது, இவ்வளவு அழகான ஒன்றை எனக்கு ஒற்றை வரியாகக் கொடுத்துவிட்டார்களே என்று வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை.

அந்தச் சோதனை இதுதான். ஒரு அட்டையில் 3 வரிசை, வரிசைக்கு 4 எழுத்து, மொத்தம் 12. அதை 50 மில்லி செகண்ட், அதாவது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டுகிறார்கள். பார்த்ததையெல்லாம் சொல்லச் சொன்னால் ஆட்கள் நான்கைந்து எழுத்துதான் சொல்கிறார்கள், ஆனால் "இன்னும் நிறைய பார்த்தேன், சொல்வதற்குள் போய்விட்டது" என்கிறார்கள். அதை நம்புவதா வேண்டாமா? இங்கேதான் ஸ்பெர்லிங் யோசித்திருக்கிறார். எல்லா எழுத்தையும் சொல்ல வேண்டாம், ஒரு வரிசையை மட்டும் சொன்னால் போதும், எந்த வரிசை என்பதை எழுத்துகள் மறைந்த பிறகு ஒரு ஒலி சொல்லும். உயர்ந்த ஒலி என்றால் மேல் வரிசை, நடுத்தர ஒலி என்றால் நடு வரிசை, தாழ்ந்த ஒலி என்றால் கீழ் வரிசை. இப்போது கேட்ட வரிசையில் நான்கில் சுமார் மூன்று எழுத்தைச் சொல்லிவிடுகிறார்கள், எந்த வரிசையைக் கேட்டாலும் அப்படித்தான்.

இதை அந்தப் பெண்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வந்தது, மூன்று வீட்டிலும் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரப்பதம் பார்க்கிறவர் எல்லா மூட்டையையும் பிரிப்பதில்லை. ஏதோ சில மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு கை நெல் எடுக்கிறார். எந்த மூட்டையில் குத்துவார் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் அந்த மாதிரியை வைத்துக் குவியல் முழுவதையும் கணிக்க முடிகிறது. ஸ்பெர்லிங்கின் ஒலி அந்தக் குத்தூசி. எந்த வரிசை என்று முன்பே தெரியாத நிலையில், எதைக் கேட்டாலும் மூன்று வருகிறது என்றால் மூன்று வரிசைக்கும் சேர்த்து அந்தக் கணத்தில் சுமார் 9 எழுத்து மனதில் இருந்திருக்க வேண்டும். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினால் இந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, ஒரு வினாடி தாமதித்தால் கிட்டத்தட்ட பழைய நான்கைந்துக்கே வந்துவிடுகிறது. "ஒரு வினாடிக்கும் குறைவு" என்ற விடை வந்தது இந்தத் தாமதத்திலிருந்துதான்.

சொல்லி முடித்ததும் பாபநாசத்துப் பெண் கேட்டாள்: "ஒலியை எழுத்துக்கு முன்னாடியே கொடுத்திருந்தா என்னக்கா ஆகும்?" நானே எழுந்து நின்றுவிட்டேன். முன்பே கொடுத்தால் அவர்கள் அந்த வரிசையை மட்டும் பார்ப்பார்கள், அது கவனத்தைப் பற்றிய சோதனையாகிவிடும், மறைந்த பிறகு என்ன மிஞ்சியிருந்தது என்பதைச் சொல்லவே சொல்லாது. இந்தக் கேள்வியை அவளாகக் கேட்டாள், எந்த நோட்ஸும் கேட்கவைக்கவில்லை.

ஒவ்வொரு ஆய்வுக்கும் இதைச் செய்யுங்கள்: எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், இதே முடிவுக்கு வேறு என்ன விளக்கம் இருக்கக்கூடும். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு செமஸ்டரில் ஐம்பது ஆய்வு வந்தால் ஐம்பதையும் இப்படிப் படிக்க நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். பத்தையாவது இப்படிப் படியுங்கள், மற்றதைப் புரிந்துகொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைக்க முடிவது ஏழு, இரண்டு கூட்டியோ குறைத்தோ, என்று உளவியலாளர் மில்லர் 1956-ல் சொன்னதை எல்லாரும் எழுதுகிறார்கள். எதில் ஏழு? தனித்தனி எழுத்திலா, சேர்த்துக் கட்டிய துண்டுகளிலா? பத்து இலக்க போன் நம்பரை நாம் ஐந்தைந்தாகச் சொல்வது ஏன்? மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வதையும் சேர்த்துக் கட்டுவதையும் தடுத்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்குதான் என்று கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் வாதிட்டார். சோதனையைப் பார்க்காதவர்களுக்கு ஏழும் நான்கும் முரண்பாடாகத் தெரியும். பார்த்தவர்களுக்கு இரண்டும் வேறு வேறு நிலைமையில் எடுத்த அளவு.

ஸ்ட்ரூப் சோதனையை யாரிடம் செய்கிறோம் என்று யோசிக்காதது

1935-ல் ஸ்ட்ரூப் வெளியிட்டது. வெறும் வண்ணக் கட்டங்கள் நூற்றின் நிறத்தைச் சொல்ல அவருடைய ஆட்களுக்குச் சராசரியாக 63 வினாடி ஆனது. ஒரு நிறத்தின் பெயரை வேறொரு நிற மையில் அச்சிட்டிருந்த நூறு சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 வினாடி. வேண்டாம் என்றாலும் வாசிப்பு தானாக நடந்து குறுக்கே வருகிறது என்பது விளக்கம்.

நான் ரெக்கார்டுக்காக, அதாவது செய்முறை ஏட்டுக்காக, இதை எங்கள் பாட்டியிடம் ஆங்கில அட்டையை வைத்துச் செய்தேன். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். சிவப்பு மையில் இருந்த பச்சை என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து நிறுத்தாமல் "சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். குறுக்கீடே இல்லை. நான் சோதனை தப்பாகிவிட்டது என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது தப்பே இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் வாசிப்பு தானாக நடக்காது, அதனால் குறுக்கீடும் இராது. ஸ்ட்ரூப் விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று என் கைக்கு வேறெங்கே கிடைக்கப்போகிறது? பிறகு தமிழில் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று எழுதிக் காட்டியபோது அதே பாட்டி தடுமாறினார், ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனார்.

ஆகவே நம் ஊரில் சோதனை செய்யும்போது ஆள் எந்த மொழியில் சரளமாக வாசிப்பவர் என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லாஃப்டஸும் பால்மரும் 1974-ல், கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுக் கார்களின் வேகத்தை வெவ்வேறு வினைச்சொல்லில் கேட்டுச் செய்த சோதனையைத் தமிழில் செய்கிறவர்கள் வினைச்சொல்லில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று கேட்டவர்களின் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று அதிகம், தொட்டுக்கொண்டபோது என்று கேட்டவர்களுக்கு 31.8. இரண்டுக்கும் "மோதியபோது" என்றே மொழிபெயர்த்துவிட்டு வித்தியாசம் வரவில்லையே என்று ஒரு பையன் வருத்தப்பட்டான். வித்தியாசம் இருந்ததே அந்தச் சொல்லில்தானே.

"ஷார்ட் டெர்ம் மெமரி"யை வீட்டுப் பேச்சின் அர்த்தத்தில் எழுதுவது

காலையில் சாப்பிட்டது மறந்துபோனால் "எனக்கு ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்" என்கிறோம். பேச்சுக்குச் சரி. விடைத்தாளில் தவறு. குறுகிய கால நினைவு என்பது சில வினாடிகள் கையில் பிடித்து வைத்திருப்பது, காலைச் சாப்பாடு நீண்ட கால நினைவில் சேரும். ஹென்றி மொலைசனை நினைத்துக்கொள்ளுங்கள். 1953-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2008-ல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகளை மனதில் தங்கவைக்க முடியாமல் வாழ்ந்தவர். ஆனால் சில எண்களைச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்வார். அவருக்குக் குறுகிய கால நினைவு போகவில்லை. அதிலிருந்து நீண்ட கால நினைவுக்குக் கொண்டுசேர்க்கும் வழிதான் போயிற்று.

திரும்பத் திரும்ப வாசிப்பது

நினைவைப் பற்றிய பாடத்தையே மஞ்சள் ஹைலைட்டர் போட்டு ஐந்து தடவை வாசிக்கிறீர்கள். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் காட்டியது வேறு: ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருக்கிறார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தால் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை. மூடிவிட்டு எழுதுங்கள்.

புள்ளியியலை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளுவது

தள்ளாதீர்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாமல் மேலே சொன்ன ஒன்றுமே புரியாது.

ரெக்கார்டில் எண்களை இட்டுக்கட்டுவது

கூடாது. தெருவில் பத்துப் பேரை உட்காரவைத்துச் செய்ய ஒரு மதியம் போதும்.