மருத்துவச்சியின் கையை நாடகமாக்குவது

பிரசவத்தை நாடகமாகப் போடுகிறோம் என்று கிளம்புபவர்கள் முதல் ஒத்திகையிலேயே ஒரு பெண்ணைப் படுக்கவைத்துக் கத்தவிடுகிறார்கள். சினிமா பார்த்த பழக்கம். வீட்டில் பிள்ளை பெற்றவர்கள் பலரும் குந்தி உட்கார்ந்து, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் முக்கினார்கள். ஒத்திகையை அந்தக் கயிற்றில் தொடங்குங்கள்.

அதற்கு முன்னால் பாட்டிகளைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது 99 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். வீட்டில் பேறு பார்த்த மருத்துவச்சிகளுக்கு எழுபது, எண்பது வயதாகியிருக்கும். ‘அனுபவத்தைச் சொல்லுங்க’ என்றால் நாலு வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு முறம், பழைய வேட்டித்துணி, கொஞ்சம் விளக்கெண்ணெய் எடுத்துப்போய் முன்னால் வையுங்கள், கை தானாகப் பேசும். சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது, வயிற்றைத் தடவித் தலை எங்கே என்று கண்டுபிடிப்பது எல்லாம் அப்போதுதான் வரும். நடிகைகள் அந்த விரல்களைப் பார்த்தால் போதும். கேமராவை மட்டும் நீட்டாதீர்கள், பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

சாதியை மழுப்பாதீர்கள். இந்த வேலையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள், சில ஊர்களில் தலித் பெண்கள். உசிலம்பட்டி, சேலம் பக்கம் போனால் இன்னொன்றும் இருக்கிறது: பெண் சிசுக்கொலை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அதனால்தான். நீங்களாகக் கிளறாதீர்கள். பாட்டியே சொன்னால் கேளுங்கள், மேடையில் வைக்கலாமா என்று அவரிடமே அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் இடம். திண்ணை வைத்த பழைய வீடு கிடைத்தால் விடாதீர்கள். நாடகம் பார்க்க வரும் ஆண்களைத் திண்ணையில் உட்காரவையுங்கள், உள்ளே நடப்பது அவர்கள் காதில் மட்டும் விழட்டும். சிலர் முறைப்பார்கள், எட்டியும் பார்ப்பார்கள். நல்லதுதான், அந்தக் காலத்து அப்பன்மாரும் அதைத்தானே செய்தார்கள்! பெண்களை உள்ளே சுவரோரமாக நெருக்கி உட்காரவைத்து, ஒரே ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றுங்கள்.

அண்டாவில் நிஜத் தண்ணீர் கொதிக்கும்வரை கதை நகரக் கூடாது. மருத்துவச்சி வெற்றிலை மடித்தபடி, “இன்னும் நேரம் கெடக்கு தாயி” என்பதோடு சரி. பார்ப்பவர்கள் நெளிவார்கள், நெளியட்டும். அவள் வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்புதான்.

பொம்மைக் குழந்தை வேண்டாம். முறத்தில் சுருட்டிய துணி போதும், பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பார்களே, அந்தச் சேனையை அதற்கே வைக்கலாம்.

பாட்டியை ஒத்திகைக்கு அழைத்தால் பஸ் செலவோடு, நடிகர்களுக்குத் தருகிற அதே கூலியை வந்தவுடனே கையில் கொடுத்துவிடுங்கள். அவர் திருத்தம் சொல்லும்போது டைரக்டர் வாயைத் திறக்கக் கூடாது.